காங்கேசன்துறைக் கோச்சி

கொழும்புக் கோட்டையில் தொடங்கும் வடக்குப் பாதை நானூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல் ஓடி, கடலைக் கண்ட பிறகுதான் நிற்கும். மாகோவில் கிழக்குக்குப் போகும் பாதை பிரிந்துவிடும். மதவாச்சியில் தலைமன்னாருக்கு ஒரு கிளை போய்விடும். வவுனியா கடந்து, வன்னிக் காடு கடந்து, ஆனையிறவில் இரண்டு பக்கமும் உவர்நீரைப் பார்த்துக்கொண்டு குடாநாட்டுக்குள் ஏறினால், யாழ்ப்பாணத்தோடு முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். மிச்சப் பேரோடு கோச்சி கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நின்று நின்று வரும். மாவிட்டபுரம் தாண்டும்போதே ஜன்னலால் வருகிற காற்றில் உப்பு இருக்கும். அதற்குப் பிறகு ஒரு ஸ்ரேசன்தான். அங்கால் போக நிலமில்லை.

இந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வடக்கே வந்த கதையாகத்தான் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு அது வேறு கதை. 1902 மார்ச்சில், தெற்கே இருந்து வரும் தண்டவாளம் இன்னும் அனுராதபுரத்தையே எட்டியிராத காலத்தில், காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரிப் பக்கம் கோச்சி ஓடத் தொடங்கிவிட்டது. இருபத்தொரு மைல் நீளமான துண்டுப் பாதை. இலங்கையின் வேறெந்தத் தண்டவாளத்தோடும் அதற்குத் தொடுப்பில்லை. இரும்பும் இயந்திரமும் வண்டிப் பெட்டிகளும் கடல் வழியாக அல்லாமல் வேறெப்படி அங்கே வந்திருக்க முடியும்? குருநாகலிலிருந்து மேலே ஏறிய பாதை 1904இல் அனுராதபுரம் வந்து, 1905 ஓகஸ்ட் முதலாந் திகதி கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி வண்டி ஓடும்வரை, மூன்று வருடத்துக்கும் மேலாக அந்தத் துண்டு தனியே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆச்சிக்கு அவவின் ஐயா சொன்ன கதை ஒன்று உண்டு. முதல் முதல் கோச்சி வந்த காலத்தில் தோட்டத்தில் துலா மிதித்தவர்கள் சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே துலாவில் நின்று பார்ப்பார்களாம். உயரத்தில் நிற்பதால் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமாம்.

கடைசி ஸ்ரேசன் இருக்கிற ஊரில் பிறப்பதற்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இடையிலுள்ள ஊர்களில் கோச்சி வரும், போகும். எங்கள் ஊரில் அது தங்கும். இயந்திரத்தைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் கொண்டுபோய், வண்டியின் மற்றத் தலையில் கொழுவுவதை நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று பார்ப்போம். கொழுவும் ஆள் இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் குனிந்து நிற்பார். இயந்திரம் மெல்ல மெல்லப் பின்னுக்கு வரும். அவர் கையைக் காட்டிய இடத்தில் நின்றுவிடும். அவ்வளவு பெரிய இரும்பு ஒரு மனிதனின் கையசைவுக்குக் கட்டுப்பட்டு நிற்பதைப் போல எங்களை ஆட்கொண்ட காட்சி வேறில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது ரப்லெற். ஒற்றைப் பாதை ஆகையால், ஒரு நேரத்தில் இரண்டு ஸ்ரேசனுக்கு நடுவில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அந்தக் காலத்தார் கண்டுபிடித்த வழி, ஒரு வட்டத் தகடு. காங்கேசன்துறை ஸ்ரேசன் மாஸ்டரின் அறையில் ஒரு கருவி, தெல்லிப்பழை ஸ்ரேசன் மாஸ்டரின் அறையில் அதன் சோடி. இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. மணியடித்துச் சேதி பேசி, அந்தப் பக்கத்தார் சம்மதித்தால்தான் இந்தப் பக்கத்தில் ஒரு தகடு வெளியே வரும். வந்த தகடு இரண்டு கருவிகளில் ஒன்றுக்குள் திரும்பவும் போகும்வரை அடுத்த தகடு வெளிவராது. தகட்டைத் தோற்பைக்குள் வைத்து, பெரிய வளையம் ஒன்றில் மாட்டிச் சாரதியிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் வண்டியை எடுக்க மாட்டார். நிற்காத ஸ்ரேசன்களில் ஓடும் வண்டியிலிருந்தே கையை நீட்டி வளையத்தை வாங்குவார்கள். எங்கள் ஊரில் அந்த வேகத்துக்கு வேலையில்லை. ஆறுதலாகக் கைக்குக் கை மாறும். இரண்டு ஊர்க்காரர் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிப் பாதையைத் திறந்துவிடுவது என்ற ஏற்பாடு எவ்வளவு அழகானது என்று பின்னாளில், பாதைகள் எல்லாம் மூடிய காலத்தில், பலமுறை நினைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை அந்தக் காலத்தில் பாதி இந்தத் தண்டவாளத்தின்மேல்தான் நடந்தது. அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் இருப்பார்கள். பெண்சாதி பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். றெயில்வே வாறண்ட் கிடைக்கிற லீவுகளில் வருவார்கள். தைப்பொங்கலுக்கு, வருடப்பிறப்புக்கு, நல்லூர்த் தேருக்கு, மாவிட்டபுரத் திருவிழாவுக்கு. வரும்போது கையில் பிஸ்கட் ரின்னும் பிள்ளைகளுக்குத் துணியும் இருக்கும். போகும்போது சுமை பெருத்துவிடும். அரைத்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், ஒடியல், பனாட்டு, பனங்கட்டிக் குட்டான், பழைய செய்தித்தாளில் சுற்றிய முருங்கைக்காய், காலம் வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். என்னுடைய பெரியப்பா கொழும்பில் கணக்குக் கிளாக்கராக இருந்தவர். அவர் புறப்படுகிற பின்னேரம் வீடு முழுக்க மிளகாய்த்தூள் மணக்கும். இரவுத் தபால் வண்டியில் இடம் பிடிக்க வேண்டும் என்று வெள்ளனவே போய்விடுவோம். ஆனால் எங்கள் ஊரில் ஏறுபவர்களுக்கு இடத்துக்கு என்ன பஞ்சம்? வெறும் பெட்டி அவர்களுக்காகத்தானே நிற்கிறது. மூலை ஜன்னல், காற்றோட்டம், சாய்ந்துகொள்ள ஒரு பக்கம் எல்லாம் காங்கேசன்துறையாருக்கு. யாழ்ப்பாணத்தில் ஏறுகிறவர்கள் நெருக்குப்பட்டு நிற்பார்கள். பெரியம்மா பிளாட்போமில் நின்று, “தண்ணிப் போத்தல் பைக்குள்ள கிடக்கு. மாகோவில இறங்கி நிக்காதேங்கோ” என்று ஒவ்வொரு முறையும் சொல்வா. அவர் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுவார்.

ஸ்ரேசனுக்கு வெளியே ஏ போர்ட்டிக் கார்கள் நிற்கும். ஒற்றைத் திருக்கல்கள் நிற்கும். மயிலிட்டியில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள், கடற்கரை றெஸ்ற் ஹவுசுக்குப் போகிற துரைமார், துறைமுகத்தில் வேலையுள்ளவர்கள் என்று பலவகை ஆட்கள் இறங்குவார்கள். கொஞ்சம் நடந்தால் வெளிச்சவீடு. 1893ஆம் ஆண்டு கட்டியது, கோச்சிக்கு மூத்தது.

ஆனால் ஆள்வண்டியைவிடச் சரக்குவண்டிதான் எங்கள் ஊரின் சோறு. சீமெந்து ஆலை 1950இல் வந்தது, ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம். நிலத்தடியில் தோண்டுகிற இடமெல்லாம் சுண்ணாம்புக்கல் கிடந்த ஊர் அது. கல் எங்கள் நிலத்தில், களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து. இரண்டும் சூளையில் வெந்து வெளியே வரும்போது நாடு முழுவதுக்கும் வீடாகும். ஐயா அங்கேதான் வேலை செய்தார். ஆலைச் சங்கும் கோச்சியின் கூவலும் எங்கள் வீட்டு மணிக்கூடு. வேலி மாவிலை எல்லாவற்றிலும் மெல்லிய சாம்பல் தூசி படிந்திருக்கும். மழை பெய்தால் மட்டும் பச்சை தெரியும். அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகளின் தொகை சின்னதல்ல. சீமெந்து ஏற்றிய கூட்ஸ் வண்டி புறப்படும்போது பெட்டிக்குப் பெட்டி சங்கிலி இழுபடும் சத்தம் தலையிலிருந்து வால்வரை ஓடும். நித்திரைப் பாயில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டால், வண்டி எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம்.

சுன்னாகத்துச் சந்தையின் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் இந்தப் பாதையால்தான் தெற்கே போயின. மயிலிட்டிக் கடலில் பட்ட மீன் ஐஸ் போட்ட பெட்டிகளில் ஏறும். ஐஸ் உருகி ஒழுகிய தண்ணீர் பிளாட்போமில் கோடு கோடாகக் காய்ந்து கிடக்கும். காகங்கள் அந்தக் கோட்டைப் பின்தொடரும்.

வருடத்தில் ஒரு நாள் ஸ்ரேசன் கோயிலாக மாறும். ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் கீரிமலையில் முழுகிப் பிதிர்க்கடன் செய்ய வருகிற நாள். மாவிட்டபுரத்துக் கந்தசாமியும் அன்றைக்குத்தான் கீரிமலையில் தீர்த்தமாட வருவார். விடியற்காலை வண்டியிலேயே வேட்டி சால்வையோடு ஆண்கள் வந்து இறங்குவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் முகம் தெரியாத ஊர்களிலிருந்தும். தர்ப்பையும் எள்ளும் பொதியாகக் கையில் இருக்கும். கீரிமலைக் கேணியில் கடலுக்கு ஒட்டினாற்போல நன்னீர் ஊறும். உப்புக் கடல் ஓரிரண்டு முழத்துக்கு அங்கால் அடித்துக்கொண்டிருக்கும். முழுகி எழுந்து திரும்பும்போது தெருவோரத்தில் காத்தோட்டிக்காய் விற்பார்கள். வருடத்தில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் சமைக்கிற கசப்புக் காய். ஐயா இறந்த பிறகு நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனானேன். ஊர்க்காரன் என்பதால் கோச்சியில் வர வேண்டியதில்லை. ஆனால் ஸ்ரேசன் வாசலில் நின்று, இறங்குபவர்களோடு சேர்ந்துதான் நடப்பேன். ஒரே துக்கம் உள்ளவர்கள் ஒன்றாக நடப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. காலையில் கோட்டையை விட்டு வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குப் பிறகு ஊர்ச் சாப்பாடு சாப்பிடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய அதிசயம். அதை இழுத்துவந்தவை கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் இயந்திரங்கள். அவற்றில் முதலில் வந்தவை ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கனேடிய மாகாணத்தின் பெயர் எழுதியிருக்கும்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா. எங்களுக்கு அந்தப் பெயர்கள் ஊர்களின் பெயர் என்றே தெரியாது. இயந்திரத்தின் பெயர் என்றுதான் நினைத்தோம். “இண்டைக்கு அல்பேர்ட்டா வந்திருக்கு” என்று ஓடிவந்து சொல்வான் என் மச்சான். அன்று பிளாட்போமில் என்னோடு நின்று இயந்திரப் பெயர்களைக் கூட்டி எழுத்து வாசித்த பொடியளில் பாதிப் பேர் இன்று அந்த மாகாணங்களில்தான் இருக்கிறார்கள். பெயரைப் படித்தபோது யாருக்குத் தெரியும், தங்கள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் அது வரப்போகிறது என்று.

பிறகு வாங்கிய அதே வகை இயந்திரம் ஒன்றுக்கு, இலக்கம் 628, காங்கேசன்துறை என்று எங்கள் ஊரின் பெயரே வைத்தார்கள். அதற்கு நான் பிறகு வருகிறேன்.

1983 ஆடியில் கோச்சிக்குப் பதிலாகக் கப்பல் வந்தது. கொழும்பில் தமிழரின் வீடும் கடையும் எரிந்தபின் உயிரை மட்டும் கொண்டு ஓடியவர்களைக் கப்பல்களில் ஏற்றி எங்கள் துறைமுகத்தில் இறக்கினார்கள். வாறண்டும் பிஸ்கட் ரின்னுமாக வந்துகொண்டிருந்த அதே ஆட்கள், உடுத்த உடுப்போடு வந்து இறங்கினார்கள். ஊர்ச் சனம் கஞ்சியும் பாணும் கொண்டுபோய்க் கொடுத்தது. அம்மா எங்கள் வீட்டுச் சீலைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனா. அதற்குப் பிறகு பாதை ஒருநாளும் பழைய பாதையாக இருக்கவில்லை. ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். 1985இல் முறிகண்டியில் யாழ்தேவி தாக்கப்பட்ட பிறகு, பயணம் போகிறவர்களை வழியனுப்புகிற முகங்களே மாறிவிட்டன. பெரியம்மாவின் தண்ணீர்ப் போத்தல் கவலை எல்லாம் சின்னக் கவலை என்று அப்போதுதான் தெரிந்தது.

1990 ஜூன் மாதம் போரோடு எல்லாம் ஒன்றாக நின்றது. கோச்சி நின்றது, ஆலை நின்றது, ஊர் எழும்பிப் போனது. சில நாளில் திரும்பலாம் என்றுதான் வெளிக்கிட்டோம். அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பை அம்மா மடியில் முடிந்துகொண்டா. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயம் ஆயிற்று. எங்கள் சனம் போய் நின்ற இடங்களைப் பாருங்கள்: மல்லாகத்தில் கோணப்புலம் முகாம், சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை முகாம், இன்னும் பல. கோச்சி நின்று நின்று வருகிற அதே ஊர்கள். இரண்டு மூன்று ஸ்ரேசனுக்கு அங்கால் வீடு. இருபத்தைந்து வருடம் அதைப் பார்க்க முடியாது. கடல்கடந்து போனவர்களின் பிரிவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எட்டுக் கிலோமீற்றர் பிரிவைப் பற்றிப் போதிய அளவு யாரும் எழுதவில்லை என்பது என் மனக்குறை. அந்த முகாம்களில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. என் அம்மாவின் மடித் திறப்பு கடைசிவரை எந்தக் கதவையும் திறக்கவில்லை.

தண்டவாளத்தைப் போரிட்ட இரண்டு பக்கமும் பிடுங்கின. இரும்பும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாயின. ஓமந்தைக்கு வடக்கே மிஞ்சியது வெறும் மண்மேடு. குடாநாட்டுக்குள் சனம் அந்த மேட்டைச் சைக்கிள் பாதையாகவும் ஒழுங்கையாகவும் பாவித்தது. வீடிழந்தவர்கள் அதன் ஓரத்தில் கொட்டில் போட்டார்கள். ஸ்ரேசன் கட்டடங்கள் சுவராக நின்றன. அந்தக் காலம் முழுதும் 628ஆம் இலக்க இயந்திரம் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. காங்கேசன்துறை என்ற பெயரைப் பக்கத்தில் சுமந்துகொண்டு, காங்கேசன்துறைக்கு மட்டும் போக முடியாமல். கொழும்பில் ஒருமுறை கோட்டை ஸ்ரேசனில் அதை நேருக்கு நேர் கண்டேன். சனம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போய் அந்த எழுத்தின்மேல் கையை வைத்தேன். இரும்பு சூடாக இருந்தது. சாரதி எட்டிப் பார்த்து, சிங்களத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். “மகே கம” என்றேன், என்னுடைய ஊர். அவர் ஒன்றும் சொல்லவில்லை; பெயர்ப்பலகையை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

போர் முடிந்த பின் இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் போட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம். அன்று யாழ்ப்பாண ஸ்ரேசனில் கூடிய சனத்தில், பல்கலைக்கழகம் முடித்த வயதிலும் வாழ்நாளில் கோச்சியைக் கண்டிராத பிள்ளைகள் இருந்தார்கள். பழசுகள் கண் கலங்கி நின்றன; இளசுகள் படமெடுத்தன. 2015 ஜனவரி 2இல் பாதை காங்கேசன்துறையைத் தொட்டது.

என் மனதைத் தைத்தது அந்த நாள்தான். கோச்சி வந்துவிட்டது. ஸ்ரேசனைச் சுற்றியிருந்த பல வீடுகளின் சொந்தக்காரர் அப்போதும் முகாம்களில் இருந்தார்கள். காணிகள் பிறகு, துண்டு துண்டாக, வருடக்கணக்கில் விடப்பட்டன. விடுபடாத துண்டுகள் இன்னும் உண்டு. ஊர் இருந்ததால்தான் ஸ்ரேசன் வந்தது; திரும்பி வந்தபோது ஸ்ரேசன் முதலில், ஊர் பின்னால். புதுக் கட்டடம் நேர்த்தியாக இருக்கிறது, பிளாட்போம் துப்புரவாக இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெற்கிலிருந்து சனம் மகிழ்ச்சியாக வந்து இறங்குகிறது. கடற்கரையில் இராணுவம் நடத்தும் விடுதிக்குப் போகிறது, கடல் பார்க்கிறது, பின்னேரம் திரும்புகிறது. அவர்கள் பார்ப்பது நல்ல கடல்தான். நான் அவர்களை நோகவில்லை. ஆனால் ஏறுகிற இடத்தில் மிளகாய்த்தூள் மணம் இல்லை. சீமெந்து ஆலை கூடாக நிற்கிறது. கூட்ஸ் வண்டியின் சங்கிலிச் சத்தம் இல்லை. முன்பு ஊர் முழுவதும் ஏதோ ஒரு விதத்தில் கோச்சியோடு வேலை பார்த்தது. இப்போது கோச்சி பயணிகளை மட்டும் கொண்டுவருகிறது.

யாழ்தேவி வருகிறது, இரவுத் தபால் வருகிறது, 2019இல் உத்தரதேவி என்று புதிய ஒன்றும் வந்தது. 2023இலும் 2024இலும் தெற்கே பாதை திருத்துவதற்காக மாதக்கணக்கில் கொழும்புக்கான ஓட்டம் நின்றபோது எனக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. திரும்ப ஓடியது என்று கேட்ட பிறகுதான் ஆறினேன். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் எங்கள் துறைக்கு வந்தது. கப்பலில் வந்து இறங்கி, கோச்சி ஏறிப் போகிற ஒரு சனத்தை மீண்டும் பார்க்க முடியும் என்றால் அந்த ஊருக்கு அது பெரிய உயிர்ப்பு. துறைமுகத்தையும் ஸ்ரேசனையும் சேர்த்து யோசிக்கிறவர்கள் அதிகாரத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஸ்ரேசனில் அந்தக் காலத்தில் வேலை செய்த ஒருவர் இப்போது ஒன்ராறியோவில் மகளோடு இருக்கிறார். சில மாதமாக ஞாயிறுகளில் தொலைபேசியில் பேசுகிறோம். கூட்ஸ் செட் எந்தப் பக்கம், சீமெந்துப் பாதை எந்த இடத்தில் பிரிந்தது, ரப்லெற் கருவிக்கு மணி எத்தனை முறை அடித்தால் என்ன அர்த்தம், ஆடி அமாவாசைக்கு முதல் இரவு எத்தனை மணிக்கு விளக்கை ஏற்றுவார்கள் என்றெல்லாம் கேட்கிறேன். அவர் ஆறுதலாக யோசித்துச் சொல்கிறார், நான் கொப்பியில் எழுதுகிறேன். போன ஞாயிறு மீன்பெட்டிகளுக்கு எப்படிச் சிட்டை போட்டார்கள் என்பதில் நின்றுவிட்டோம். “வாற கிழமை அதைச் சொல்லுறன் தம்பி” என்றார். சீமெந்து வண்டியைப் பற்றி இன்னும் தொடங்கவேயில்லை.